பூர்விக ஊரைத் தேடுவது எப்படி: பெயர், பேச்சு, மரம், அப்புறம் பத்திரம்

தவறான வாகைக்குளத்தில் போய் இறங்கியவன் எழுதும் வழிகாட்டி இது. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிறதே, அந்த வாகைக்குளம். மதுரையிலிருந்து பஸ் ஏறிப் போய், உச்சி வெயிலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தாத்தாவின் பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் சொல்லி விசாரித்தேன். பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாகைக்குளம்னு நாலஞ்சு ஊரு இருக்குல்லா தம்பி. நீங்க எதத் தேடி வந்திய?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் வாகைக்குளம்தான் எங்கள் ஊர் என்று உறுதியாக மேலும் ஒன்பது மாதம் ஆயிற்று.

மொத்தம் 14 மாதம். செலவு சுமார் 11,000 ரூபாய். அதில் அலுவலகக் கட்டணம், நகல், ஸ்டாம்ப் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்தைத் தொடவில்லை. மிச்சம் முழுக்க பஸ், ரயில், லாட்ஜ். சரியான வரிசையில் செய்திருந்தால் பாதிப் பணமும் பாதிக் காலமும் மிஞ்சியிருக்கும். நான் தலைகீழாகச் செய்தேன்: முதலில் பயணம், கடைசியில் பரண். நீங்கள் பரணிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரையும் பேச்சையும் மரத்தையும் வைத்து எந்தப் பக்கம் தேடுவது என்று முடிவு செய்யலாம். இன்னார் மகன் இன்னார் என்று அவற்றை வைத்து முடிவு கட்ட முடியாது. அதற்குக் காகிதம் வேண்டும்.

1. மொய் நோட்டை எடுங்கள்

ஜாதகம், பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று வீட்டில் கிடைப்பதையெல்லாம் ஒரே நாளில் படம் எடுத்துவிடுங்கள். பத்திரிகையில் மணமக்களின் தாத்தா பெயரும் ஊரும் இருக்கும். ஓலை ஜாதகமோ கையெழுத்து ஜாதகமோ இருந்தால் அதிர்ஷ்டம்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது தாத்தா கல்யாணத்து மொய் நோட்டு. நீளவாக்கில் தைத்த நோட்டு, மூலையில் மஞ்சள் தடவிய கறை, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. ஒவ்வொரு வரியிலும் ஊர், அப்பா பெயரின் முதலெழுத்து, ஆள் பெயர், தொகை. 'வா.குளம் மு. சுடலைமுத்து 5.00' என்று ஒரு வரி. அந்த 'வா.குளம்' என்பதைப் பார்த்துத்தான் நான் தூத்துக்குடிக்கு ஓடினேன். அதற்கு மேலும் கீழும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், பிரம்மதேசம் என்று வரிசையாக அம்பாசமுத்திரத்தைச் சுற்றிய ஊர்கள்! தூத்துக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றுகூட இல்லை.

ஆகவே மொய் நோட்டில் ஒரு பெயரை மட்டும் தேடாதீர்கள். ஊர்களையெல்லாம் தனித்தாளில் எழுதி, எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்று கோடு போட்டு எண்ணுங்கள். பிறகு வரைபடத்தில் குறியுங்கள். புள்ளிகள் ஓரிடத்தில் குவிந்தால் அதுதான் உங்கள் வட்டாரம். ஒரு சாயங்கால வேலை, செலவு இல்லை.

2. இனிஷியலைப் பிரியுங்கள்

இன்று இனிஷியல் என்றால் அப்பா பெயர். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் அப்படியில்லை. முதல் எழுத்து ஊராகவும் இரண்டாவது எழுத்து அப்பாவாகவும் இருப்பது சகஜம். உ.வே.சாமிநாதையர் என்றால் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன். ம.பொ.சி.யின் 'ம' மயிலாப்பூர். ஈ.வெ.ரா.வின் 'ஈ' ஈரோடு. எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பெயரில் 'எம்' மதுரை, 'எஸ்' அவருடைய அம்மா சண்முகவடிவு. ஆகவே இரண்டாவது எழுத்து அம்மாவாகவும் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய சான்றிதழில் இருப்பது ஆங்கில எழுத்து. அண்ணாதுரையின் 'சி' காஞ்சிபுரம். வெள்ளைக்காரர்கள் கான்ஜீவரம் என்று எழுதியதால் வந்த 'சி'. அதே எழுத்து கோயம்புத்தூராகவும் சிதம்பரமாகவும் இருக்கலாம். 'டி' என்றால் தஞ்சாவூர், திருச்சி, திருநெல்வேலி, தூத்துக்குடி, திண்டிவனம் என்று பட்டியல் நீளும். எங்கள் வீட்டில் தாத்தாவின் 'வி' விருதுநகர் என்று இரண்டு தலைமுறையாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். தமிழில் அவர் போட்ட கையெழுத்து ஒன்று கிடைத்தபோது அதில் இருந்தது 'வா'. ஆங்கில இனிஷியலை நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். தமிழ்க் கையெழுத்து கிடைக்கும்வரை காத்திருங்கள்.

3. பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதுதான். தாத்தா பெயரைத் தாங்கியவன். பேத்தி, பெயர்த்தி. ஆகவே ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்ப வரும். முத்தையா மகன் சுப்பையா, சுப்பையா மகன் முத்தையா. பத்திரத்தில் இதைப் பார்த்து இரண்டு முத்தையாக்களை ஒருவராக்கிவிடாதீர்கள். நான் ஒரு மாதம் அப்படித்தான் ஆக்கி வைத்திருந்தேன், கொள்ளுத் தாத்தா 110 வயது வாழ்ந்தார் என்ற பெருமையுடன்.

அடுத்து, பெயரில் இருக்கும் சாமி. சுடலைமுத்து, இசக்கிமுத்து, இசக்கியம்மாள், பேச்சிமுத்து என்றால் நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் பாருங்கள். மாசாணி என்றால் ஆனைமலை. மாரிமுத்து, முனியாண்டி, கருப்பசாமி எல்லாம் பல வட்டாரங்களில் உண்டு, அவற்றை வைத்து ஊர் பிடிக்க முடியாது. நாகூர்கனி, நாகூர் மீரான் என்ற பெயர்களில் தர்கா நேர்ச்சை இருக்கும். நாகூர்க்காரர் என்று அர்த்தமில்லை.

கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் பெயரை இரண்டு வடிவத்திலும் தேடுங்கள். வீட்டில் சூசை, பதிவேட்டில் ஜோசப். ராயப்பன் பீட்டர், சின்னப்பன் பால், அருளப்பன் ஜான், சந்தியாகு ஜேம்ஸ். கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடு பெற்றோர் பெயரோடு ஞானப் பெற்றோர் பெயரையும் சொல்லும், அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான். தூத்துக்குடியைச் சுற்றிய கடற்கரையான முத்துக்குளித் துறையில் பெர்னாண்டோ, ரொட்ரிகோ, கோமஸ் என்று இருப்பதைப் பார்த்துப் போர்ச்சுக்கீசிய ரத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். 1530-களில் ஞானஸ்நானத்தோடு வந்த பெயர்கள் அவை.

குப்புசாமி, பிச்சை போன்ற பெயர் இருந்தால் அதற்கு முன் பிறந்த குழந்தைகள் தங்காமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். போதும்பொண்ணு இருந்தால் மூத்த அக்காமார் உண்டு என்று அர்த்தம். வம்ச விளக்கப்படத்தில் அங்கே இடம் விட்டு வையுங்கள்.

தெலுங்கு பேசும் குடும்பங்களில் வீட்டுப் பெயர் என்று ஒன்று தனியாக உண்டு, கொங்குப் பக்கம் கூட்டம் என்ற குலப் பிரிவு, செட்டிநாட்டு நகரத்தாருக்கு ஒன்பது கோயில்களில் ஒன்று. இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டம் அப்படி நம்பகமானது இல்லை, தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கும். பழைய பத்திரத்தில் உங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பட்டம் இருக்கலாம். அதிர்ச்சி அடையாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

4. பாட்டி பேசுவதைப் பதிவு செய்யுங்கள்

கேள்வி கேட்டால் பாட்டி 'நல்ல தமிழ்' பேச ஆரம்பித்துவிடுவார். பொருளைக் காட்டி, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேளுங்கள். நான் வைத்திருந்த சோதனை நிலக்கடலை. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைக்காரர் என்றால் மல்லாட்டை என்பார் (மணிலாக் கொட்டை தேய்ந்து வந்தது). சேலம், கொங்குப் பக்கம் கடலைக்காய். சென்னையில் வேர்க்கடலை. யாழ்ப்பாணத்தில் கச்சான். அடுத்து முந்திரிப் பருப்பு. என் பாட்டி வாயிலிருந்து வந்தது 'அண்டிப்பருப்பு', நெல்லை, குமரிப் பக்கத்துச் சொல். மதுரையில் ஐம்பது வருடம் இருந்தும் அது மாறவில்லை.

உறவுமுறைச் சொல் இதைவிட உறுதியானது. அப்பத்தா என்றால் மதுரை, சிவகங்கைப் பக்கம். அப்புச்சி, அம்மிச்சி என்றால் கொங்கு. பாட்டியை ஆச்சி என்றால் நெல்லை. முஸ்லிம் வீடுகளில் அப்பாவை வாப்பா என்கிறார்களா, அத்தா என்கிறார்களா என்று கேளுங்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் வாப்பா. ராவுத்தர் குடும்பங்களில் அத்தா.

சந்தேகம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் பாருங்கள். சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். திருநெல்வேலி, நாஞ்சில்நாடு, யாழ்ப்பாணம் என்று வட்டாரக் குறிப்பு போட்டிருப்பார்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஜன்னல், அலமாரி, சாவி, மேசை போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தவை, துட்டு டச்சுக்காரர் விட்டுப் போனது. இவை எல்லார் வீட்டிலும் புழங்கும் சொற்கள். உங்கள் குடும்பத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. இரண்டாவது முக்கியமானது. பாட்டியின் சொல் பாட்டி பிறந்த ஊரைக் காட்டும், தாத்தா ஊரை அல்ல. வீட்டுப் பேச்சு பெரும்பாலும் பெண்கள் கொண்டுவருவது. பாட்டியைப் பதிவு செய்யும்போதே, "கல்யாணமாகிப் போன புதிதில் அங்கே எந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தீர்கள்?" என்று கேளுங்கள். பாட்டிகளுக்கு அது மறப்பதே இல்லை.

5. மரத்தைக் கேளுங்கள்

ஊர்ப் பெயர்களில் பாதி மரம். வாகைக்குளம், ஆலங்குடி, புளியங்குடி, இலுப்பூர், அத்திப்பட்டு. அதனால்தான் ஒரே பெயரில் இத்தனை ஊர்கள். வாகை நின்ற குளத்தங்கரை எல்லாம் வாகைக்குளம்தானே. முன்பாதி மரத்தைவிடப் பின்பாதி உங்களுக்கு அதிகம் உதவும். 'விளை' என்று முடிந்தால் குமரி, தெற்குத் தூத்துக்குடி. 'வலசு' என்றால் ஈரோட்டுப் பக்கம். 'ஏந்தல்' என்றால் சிவகங்கை, ராமநாதபுரம். 'பாக்கம்' வடமாவட்டங்களில் அதிகம்.

பெரியவர்களிடம் ஊர் பற்றிக் கேட்டால் "அது ஒரு ஊரு" என்று முடித்துவிடுவார்கள். என்ன மரம் ஏறினீர்கள், எந்தப் பழம் பொறுக்கினீர்கள் என்று கேட்டால் தெருவே வந்துவிடும். என் பெரிய தாத்தா இப்படித்தான் கோயில் வாசலில் நின்ற இரட்டைப் புளியமரத்தையும் அதற்கு நேர் எதிரே இருந்த எங்கள் வீட்டையும் சொன்னார். அந்த இரட்டைப் புளி பிறகு பத்திரத்திலேயே வந்தது.

'முள்ளுக்காடு' என்று யாராவது சொன்னால் எந்த முள் என்று கேளுங்கள். இன்று எங்கும் நிற்பது சீமைக் கருவேலம். பெயரில் சீமை இருந்தாலே அது வெளியூர்ச் சரக்கு. பழைய ஆட்கள் சொல்வது நாட்டுக் கருவையாகவோ உடை மரமாகவோ இருக்கும், நெல்லைப் பக்கம் உடங்காடு என்பார்கள். மிளகாய்கூட வந்ததுதான், மிளகு மாதிரி உறைக்கும் காய் என்று பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டோம். 'எங்கள் முன்னோர் ஆயிரம் வருடமாக மிளகாய் பயிரிட்டவர்கள்' என்று ஒரு குடும்ப வரலாற்றுப் புத்தகத்தில் படித்தேன். அதை மூடி வைத்துவிட்டேன்.

6. ஊரை உறுதி செய்யுங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் மாவட்டக் கையேடுகளில் தாலுகா வாரியாக வருவாய்க் கிராமப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கும். குக்கிராமங்கள் அதில் தனியாக வராது. பட்டியலில் இல்லை என்பதால் ஊரே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

பழைய காகிதத்தில் 'திருநெல்வேலி ஜில்லா' என்று இருந்தால் இன்று அது தூத்துக்குடியாகவோ (1986), தென்காசியாகவோ (2019) இருக்கலாம். 1910-க்கு முந்தையது என்றால் சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும்கூட திருநெல்வேலி ஜில்லாவில் சேர்ந்தவை.

கணக்கெடுப்பில் தாத்தா பெயர் இருக்கும் என்று சிலர் தேடுகிறார்கள். தனிநபர் விவரத் தாள்களைப் பொதுமக்கள் பார்க்க 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்தப் பக்கம் நேரம் செலவழிக்காதீர்கள்.

7. நிலப் பதிவேடும் பத்திரமும்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலங்களை சர்வே எண் வரிசையில் எழுதியது) மூன்றையும் வருவாய்த் துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இவை இன்றைய நிலவரம். பழைய உடைமையாளர் பெயர் வேண்டுமானால் நிலவரி நிர்ணயித்தபோது எழுதிய பழைய செட்டில்மென்ட் பதிவேட்டைக் கேளுங்கள். 1979-ல் தொடங்கிய யூ.டி.ஆர். (நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்) பதிவுகளில் பெயர்ப்பிழை தாராளம். எங்கள் சுப்பையா அதில் சுப்பம்மாள்.

ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், பெரும்பாலும் 1975 முதல். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேட வேண்டும். எத்தனை ஆண்டு தேடச் சொல்கிறீர்களோ அதற்கேற்பக் கட்டணம் ஏறும். 'ஆரம்பத்திலிருந்து' என்று எழுதாதீர்கள். பத்துப் பத்து ஆண்டாகக் கேளுங்கள். எனக்கு முதல் தேடல் நகல் கைக்கு வர ஐந்து வாரம்.

"நீ யார், உனக்கு எதற்கு?" என்று ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 57-ஆவது பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் இருக்கும் 1-ஆம் புத்தகத்திலிருந்து கட்டணம் கட்டிய யாரும் நகல் வாங்கலாம். உயில் அப்படியல்ல, எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள். வாரிசுகள் எல்லாரையும் அப்பா பெயரோடு வரிசையாக எழுதியிருப்பார்கள். நாலெல்லையில் வரும் பெயர்கள் பெரும்பாலும் பங்காளிகள். நிலத்தில் நிற்கும் மரங்களைச் சொல்லும் 'மாவடை மரவடை' பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எங்கள் கொள்ளுத் தாத்தாவுக்கு வந்தது, கோயில் வாசல் இரட்டைப் புளியில் 'தென்புறத்து மரத்தில் பாதி'. பெரிய தாத்தா சொன்ன மரம், சொன்ன இடத்தில். வாகைக்குளம் எது என்ற சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

தேதியைப் பெயர்ப்பதற்கு: வருவாய்க் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டுங்கள், பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. குமரியிலும் நெல்லைச் சீமைப் பழைய ஓலைகளிலும் கொல்லம் ஆண்டு வரும், அதோடு 824 அல்லது 825 கூட்ட வேண்டும். வெறும் 'பார்த்திப வருஷம்' என்றிருந்தால் 1885-ஆ 1945-ஆ என்று மற்ற விவரங்களை வைத்துத்தான் சொல்ல முடியும். அறுபது வருடத்தில் இரண்டு தலைமுறை ஓடிவிடும், கவனம். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம், அது வாத்தியார் போட்டது.

நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இந்தப் படி முழுக்க வீண். அவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் பதிவேடு, சர்ச் பதிவேடு இவைதான். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கோ மொரீஷியஸுக்கோ ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் இருந்தால், பெயர், அப்பா பெயர், வயது, கிராமம், தாலுகா, சாதி வரை எழுதிய பட்டியல்கள் இருக்கின்றன. மொரீஷியஸ் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. எழுதியவன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

8. ஆர்.டி.ஐ. மனுவும் ஆவணக் காப்பகமும்

பழைய வருவாய்ப் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தெரியாதபோது ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய், பதில் 30 நாளில். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கேள்வியை ஒரு கிராமம், ஒரு சர்வே எண், ஒரு பதிவேடு என்று சுருக்குங்கள். பத்திர நகலை இதில் கேட்காதீர்கள். அதற்குத் தனிக் கட்டணமுறை உண்டு என்று திருப்பிவிடுவார்கள். மே, ஜூனில் தாலுகா அலுவலகம் பக்கம் போகவே போகாதீர்கள், ஜமாபந்தி என்ற வருடாந்தர கிராமக் கணக்குத் தணிக்கை நடக்கும்.

எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கடைசியாகப் போங்கள். ஊர், தாலுகா, ஆண்டு மூன்றும் கையில் இல்லாமல் போனால் அங்கே ஒன்றும் கிடைக்காது.

9. குலதெய்வக் கோயிலுக்கு நாள் பார்த்துப் போங்கள்

சாதாரண நாளில் போனால் பூட்டுதான். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் சாஸ்தா கோயில் என்றால் பங்குனி உத்திரம். மதுரை, தேனிப் பக்கம் மாசி மகா சிவராத்திரி. எங்கெங்கோ இருக்கும் பங்காளிகள் எல்லாரும் அன்று ஒரே இடத்தில் இருப்பார்கள். வம்ச விளக்கப்படத்தைப் பெரிய தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தப்பாக எழுதியிருந்தால் இன்னும் நல்லது, திருத்துவதற்கு நாலு பேர் ஓடி வருவார்கள்.

அங்கே கேட்க வேண்டியது தலைக்கட்டு வரி நோட்டு. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி வசூலிக்கக் குடும்பம் குடும்பமாக எழுதி வைத்திருப்பார்கள், பழைய நோட்டுகளும் யார் வீட்டிலாவது இருக்கும். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். நோட்டு வைத்திருந்த அண்ணாச்சி எங்கள் தாத்தா பெயரைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் 'மதுரை போயாச்சு' என்று எழுதி அடித்திருந்தது. அதற்குக் கீழே என் பெயரை எழுதிக்கொண்டு, "பழைய பாக்கி வேண்டாம், இந்த வருஷத்துக்கு ஐந்நூறு" என்றார். சில்லறையாக எடுத்துப் போங்கள். அங்கே சிக்னல் கிடையாது, ஜிபே வேலை செய்யவில்லை.